வாங்கும் கையும் மறுக்கும் கையும்

தமிழ்ச் சங்க மலர்கள் எதை மறந்தாலும் வ.உ.சிதம்பரனாரை மறப்பதில்லை. கப்பலின் படமும் செக்கின் படமும் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு மலரில் இடம்பெற்றுவிடுகின்றன. அது நன்றே. ஆயினும் அக்கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருவார்க்கு ஓர் ஐயம் எழாமல் இராது. கப்பலை ஓட்டியவரைப் பற்றி இத்தனை எழுதிய நாம், அக்கப்பலில் காசு கொடுத்து ஏறியவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறோம்? தன் கைப்பொருளை இன்னார்க்குக் கொடுப்பேன், இன்னார்க்குக் கொடேன் என்று ஓர் எளிய மனிதன் முடிவு செய்வதும் அரசியலே. அந்த அரசியலைத் தமிழிலக்கியம் எவ்வாறு கண்டது, எங்கே காணத் தவறியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதன் தலைவராக விளங்கியவர் பாலவநத்தம் ஜமீந்தார் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியவரும் அவரே. வடக்கிலும் கடல் கடந்தும் ‘சங்கம்’ என்று பெயர் சூட்டிக்கொள்ளும் நம் மன்றங்களுக்கெல்லாம் முன்னவர் ஒரு கப்பல் கம்பெனிக்கும் தலைவர் என்பதை நம் மேடைகளில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் வணிகர் 8,000 பங்குகளை இரண்டு இலட்சம் ரூபாய்க்கு வாங்கினார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை தனியாட்சி செலுத்திய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, தன் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. பின்னர் வெள்ளையர் கம்பெனி கட்டணமே இல்லாமல் ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுக்க முன்வந்தது என்று வரலாறு எழுதியோர் கூறுவர்.

கதையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது என்பது என் கருத்து. இலவசமாகப் போகலாம், குடையும் கிடைக்கும் என்ற நிலையில், எட்டணாக் கொடுத்து மற்றைக் கப்பலில் ஏறியவன் யார்? கொழும்புக்குக் கடைவேலைக்கோ கூலிவேலைக்கோ சென்ற ஏழையாகவே அவருள் பலர் இருந்திருத்தல் கூடும். எட்டணா அவனுக்குச் சிறுதொகையன்று. அவன் மேடை ஏறவில்லை, சிறை செல்லவில்லை. இலவசத்தை மறுத்து விலை கொடுத்தான், அவ்வளவே.

அவனை இலக்கியம் கண்டதா? பாரதியார் கலெக்டர் விஞ்சு துரையின் கூற்றாக ஒரு பாடலும், சிதம்பரம் பிள்ளையின் மறுமொழியாக ஒரு பாடலும் இயற்றினார். எதிரெதிர் நிற்கும் இருவரின் குரல்களை அடுத்தடுத்து வைத்த அந்த அமைப்பு நாடகத் தன்மை மிக்கது; இன்றும் மேடையில் வெற்றி பெறுவது. ஆனால் அங்கே பேசுவோர் இருவரே. பிள்ளையவர்கள் அகவற்பாவில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் நூல் வடிவம் பெற்ற சுயசரிதை, இயல்பாகவே அவருடைய வாழ்வையே சுற்றி அமைகின்றது. ம.பொ.சிவஞானத்தின் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்னும் நூலும், அதனைத் தழுவி பி.ஆர்.பந்துலு 1961இல் எடுத்த படமும் தலைவரின் தியாகத்தைத் தமிழர் நெஞ்சில் நிலைநிறுத்தின. படத்தில் மக்கள் உண்டு, கூட்டமாக உண்டு. பயணச்சீட்டு வாங்கும் ஒரு கையை மட்டும் அருகில் காணோம்.

இதற்குக் காரணம் ஆசிரியர்களின் குறையென்று நான் நினைக்கவில்லை. பெருநாள் ஒன்றைப் பாடுதல் எளிது. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த நாளும், மார்ச்சு மாதத்தில் தலைவர் கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்த நாளும் பாடலுக்கும் படத்துக்கும் தாமே வந்து வாய்ப்பவை. செலவினால் செய்யும் எதிர்ப்புக்கு அத்தகைய நாள் கிடையாது. இன்று செய்ததை நாளையும் செய்யவேண்டும். அடுத்த மாதமும் செய்யவேண்டும். யாரும் பாராத கடைவாயிலில் செய்யவேண்டும். 1911இல் அந்தக் கம்பெனி கலைக்கப்பட்டதற்கு அரசின் அடக்குமுறை பெருங்காரணம். நாள்தோறும் செய்யவேண்டிய அச்செயலைத் தாங்கிநின்ற தலைவர் சிறையில் இருந்ததும் ஒரு காரணமன்றோ? அரசு ஊழியனாகிய எனக்கு இதில் தனி அக்கறையும் உண்டு. 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் ஊர்வலத்துக்கும் கட்சிக்கும் இடந்தருவதில்லை. மாதச் சம்பளத்தை எந்தக் கடையில் கொடுக்கிறாய் என்று மட்டும் எந்த விதியும் கேட்பதில்லை.

கப்பலுக்குப் பின் வந்தது கதர். 1921 செப்டம்பரில் காந்தியடிகள் மதுரைக்கு வரும் வழியில், புகைவண்டியில் தம்முடன் இருந்த எளிய மக்களிடம் கதர் அணியலாகாதா என்று கேட்டார். கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை, அதன் விலை மிகுதி என்பது அவர்கள் விடை. அந்த விடை அவரை உறுத்தியது. செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் முழு உடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். இந்நிகழ்ச்சியைப் பற்றித் தமிழில் எழுந்த புகழுரைகளுக்கு அளவில்லை. எல்லாம் களைந்தவரைப் பற்றியவை. வாங்க வசதியில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னவரைப் பற்றி ஒரு சிறுகதை உண்டா? என் வாசிப்பில் அகப்படவில்லை. அந்த விடை இல்லையேல் அந்த அரையாடையும் இல்லை.

கதர்க் காலத்து நம் புனைகதைகள் எதிர்ப்பைத் துறவாகவே கண்டன. கல்கியின் ‘தியாகபூமி’ அதற்குச் சிறந்த சான்று. 1938, 1939ஆம் ஆண்டுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, கே.சுப்ரமணியம் இயக்கத்தில் படமாகவும் ஆகி, பின் அரசின் தடைக்கும் உள்ளான படைப்பு அது. துன்புற்ற சாவித்திரி செல்வம் மிக்க உமாராணியாகித் திரும்புகிறாள். இறுதியில் அச்செல்வத்தை விட்டு விடுதலைப் போரில் சேர்கிறாள். படிப்போர் கண்கலங்குவர், கலங்கவேண்டியதே. ஆனால் விடுவதற்கு முதலில் கையில் இருக்கவேண்டும். இல்லாதவன் எதை விடுவான்? பட்டைக் களைந்து கதர் உடுத்தும் பெண் காவியத் தலைவியாகிறாள். ஒரே ஒரு சேலை உள்ளவள் கதையில் வேலைக்காரியாக நிற்கிறாள்.

கள் மறியலும் இவ்வகையினதே. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் மூண்டபோது ஈ.வெ.ராமசாமி தம் தோப்பிலிருந்த ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டினார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவரும் அவரே. 1925இல் காங்கிரசை விட்டு விலகியபின் கதர்ப் பொருளாதாரத்தை அவர் கடுமையாகக் கண்டித்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நம் மலர்க் கட்டுரைகள் முன்னதையோ பின்னதையோ, ஆசிரியரின் சார்புக்கேற்ப, ஒன்றை மட்டும் சொல்லும். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியுடன் இருந்த நாள்களில் கல்கி ‘விமோசனம்’ இதழில் மதுவிலக்குக் கதைகள் எழுதினார். குடியை விட்டவன் வீட்டில் அடுப்பு எரிவதை அவை அழகாகக் காட்டுகின்றன. அரசின் கலால் வருமானத்தைக் குடிமகனின் காசு நிறுத்திவைப்பதாகிய அரசியலும் அவற்றின் பின்னணியில் உண்டு. ஆனால் பனையும் தென்னையும் ஏறுபவன் வீட்டு அடுப்பு என்னவாயிற்று? அது கதைக்குள் வருவதில்லை. அக்கானியைச் சுண்ணாம்பிட்ட கலயத்தில் இறக்கிக் கருப்புக்கட்டி காய்ச்சும் குடும்பங்களை அறிந்த விளவங்கோடு, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வாசகர் இக்கேள்வியைக் கேளாமல் விடமாட்டார்.

இவ்விடத்தில் வங்க நாவல் ஒன்றை நினைத்துக்கொள்வது பயனுடையது. 1916இல் வெளிவந்த தாகூரின் ‘கரே பாயிரே’, சுதேசி இயக்கம் உச்சத்தில் இருந்த காலத்தைக் களமாகக் கொண்டது. அதில் பஞ்சு என்றொரு சில்லறை வியாபாரி வருகிறான். மலிவான அந்நியத் துணியை வாங்கி ஊர்ஊராய் விற்றுப் பிழைப்பவன். அவன் மூட்டையை ஒரு ஜமீந்தார் தேசபக்தியின் பெயரால் கொளுத்திவிடுகிறார். அந்நியப் பொருளைத் தன் சந்தையில் தடைசெய்ய மறுக்கும் நிகிலேஷ் தேசத்துரோகி என்று பழிக்கப்படுகிறான். தாகூர் சுதேசியத்தை வெறுத்தவரல்லர். அதன் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு துணிமூட்டையும் ஒரு ஏழையும் அவருக்குப் போதுமாயிருந்தது. நம் சுதேசிக் கதைகளில் பஞ்சு இல்லை.

வேறொரு பஞ்சு உண்டு. தொ.மு.சி.ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ 1953இல் வந்தது, பெயரொற்றுமை தற்செயலே. அம்பாசமுத்திரத்துக் கைத்தறி நெசவாளர்களின் கதை அது. அகத்தியர் மலைக்குக் கிழக்கே அம்பாசமுத்திரம், மேற்கே நெய்யாற்றின்கரை என்று எண்ணிக்கொண்டால் இரண்டும் ஒரே மலையின் இருபுறம். நாடு விடுதலை பெற்றுவிட்டது. ஆனால் நூல் விலை ஏறுகிறது, தறி நிற்கிறது, வீடுகளில் பட்டினி நுழைகிறது. முடிவில் நெசவாளர் போராட்டத்துக்குத் திரள்கின்றனர். செக் மொழியில் பெயர்க்கப்பட்ட இந்நாவல் தமிழில் யதார்த்த நாவலுக்கு வழிகாட்டியது என்பர். கட்சிக் கருத்து சில இடங்களில் பாத்திரங்களின் வாயில் அளவுக்கு மிஞ்சி வைக்கப்பட்டுள்ளது என்பது என் எண்ணம். எனினும் தறிக்குழியின் இருளையும் பாவு ஓடாத தெருவின் வெறுமையையும் அவர் காட்டியது போல் காட்டியவர் சிலரே.

அந்நாவல் வந்த ஆண்டின் தொடக்கத்தில்தான், கைத்தறியாளர் துயர்கண்டு அண்ணாவும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றனர். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்படவேண்டும் என்று முதலமைச்சர் இராஜாஜி கேட்டதும் அக்காலத்திலேயே. அரசியலில் எதிரெதிர் நின்ற இருவரும் வாங்குவோரின் கையையே நம்பினர் என்பது வியப்பானது. ஆனால் ரகுநாதனின் நாவலில் நெசவாளனும் முதலாளியும் நிறைந்திருக்க, துணி வாங்கி உடுத்துபவன் அரிதாகவே தென்படுகிறான். கதர்க் கதைகளில் உடுத்துபவள் உண்டு, நெய்பவன் இல்லை. ‘பஞ்சும் பசியு’மில் நெய்பவன் உண்டு, உடுத்துபவன் இல்லை. ஒரே துணியின் இரு முனைகள் தமிழில் இன்னும் ஒரே நூலுக்குள் வந்து சேரவில்லை.

இதுவரை சொன்னவை மறுக்கும் கையைப் பற்றியவை. இனி வாங்கும் கைக்கு வருவோம். அதற்கு வெள்ளறடை, பாறசாலை எல்லைப்பகுதியின் பழைய கதையே வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பனச்சமூட்டில் நின்றால் எல்லை எங்கே போகிறது என்று சொல்லக் கல்லைத் தேடவேண்டும். இந்த எல்லைக்காக மேடையேறியவருள், கப்பலோட்டியவரின் வரலாற்றை எழுதிய அதே ம.பொ.சி.யும் ஒருவர். ஆனால் எல்லை வருமுன், மன்னராட்சித் திருவிதாங்கூரில், இப்பகுதி மக்களின் எதிர்ப்பு வேறு முகம் கொண்டிருந்தது. மற்ற இடங்களில் அந்நியத் துணியை விடுவது போராட்டமாயிற்று. இங்கே துணியை உடுத்துவதே போராட்டம்.

தோள்சீலைக் கலகம் 1820களிலும் 1850களின் இறுதியிலும் மூண்டது. நாடார் பெண்கள் மேலாடை அணிந்து சந்தைக்கும் பொதுவழிக்கும் வந்தபோது அது கிழிக்கப்பட்டது; வீடுகளும் பள்ளிகளும் ஆலயங்களும் எரிந்தன. 1829ஆம் ஆண்டு அரசாணை, உயர்சாதிப் பெண்களைப் போல் மேலாடை அணிவதைத் தடுத்தது. 1859 ஜூலை 26ஆம் நாள் ஆணை, குப்பாயமோ முக்குவத்திகளைப் போன்ற முரட்டுத் துணியோ அணியலாம், உயர்சாதியாரைப் போல் மட்டும் அணியலாகாது என்றது. இவ்வாணையைக் கூர்ந்து படியுங்கள். துணியின் தரத்தையும் அதை உடுத்தும் முறையையும் வகுத்துக் கொடுக்கிறது ஓர் அரசு. நல்ல துணியொன்றை விலைகொடுத்து வாங்கி விரும்பியவாறு உடுத்தும் ஒரு பெண் அந்த அரசின் சட்டத்தையே மீறுகிறாள். தூத்துக்குடிப் பயணி எட்டணாவில் செய்ததை இவள் ஒரு தலைமுறைக்கு முன்னரே, அடியும் பட்டுச் செய்தாள்.

வெங்ஙானூரும் நெய்யாற்றின்கரை வட்டத்து ஊரே. அங்குப் பிறந்த அய்யன்காளி 1893இல் காளைகளும் வில்வண்டியும் வாங்கி, புலையர் நடக்கக்கூடாத பொதுவழியில் ஓட்டிச் சென்றார். வண்டி வாங்குவது பணமுள்ளவனுக்குச் செலவு, அவருக்குப் போர்க்கோலம். அடுத்து அவர் முயன்றது சந்தை வழிக்கு. நெடுமங்காட்டுச் சந்தையில் நுழைந்து மற்றவரைப் போல் பொருள் வாங்கும் உரிமைக்கும் அவரைப் பின்பற்றியோர் அடிபட்டனர். கடையைப் புறக்கணிப்பது ஒருவகைப் போராட்டமென்றால், புறக்கணிக்கப்பட்டவன் கடைக்குள் நுழைவதும் போராட்டமே. முன்னதற்கு நம்மிடம் காவியங்கள் உள்ளன. பின்னதை வரலாற்று ஆசிரியர்க்கு விட்டுவிட்டோம்.

முழுவதும் விட்டுவிட்டோம் என்பதும் சரியன்று. 1841இல் எழுதப்பட்ட ‘அகிலத்திரட்டு அம்மானை’ இருக்கிறது. அதைச் சமயநூல் என்று ஒதுக்கிவைத்ததனால் இலக்கிய வரலாற்றுப் பாடநூல்களில் அதற்கு ஒரு பத்திகூடக் கிடைப்பது அரிது. தாலிக்கும் பனைக்கும் அரிவாளுக்கும் விதித்த வரிகளை அது அடுக்கிச் சொல்லும் பகுதி, நான் படித்த தமிழ்ச் செய்யுட்களுள் அரசாங்கக் கணக்கேட்டுக்கு மிக அருகில் வருவது. அதனாலேயே நெஞ்சைத் தைப்பது. அலுவலகத்தில் பட்டியல்களோடு வாழும் எனக்கு அப்பகுதியின் அழகு சற்று மிகுதியாகத் தெரிகிறது போலும். கூலியில்லா ஊழியத்தின் துயரும் அதில் உண்டு. அதற்கு அடுத்த நிலையில்தான் நூலின் துணிவு உள்ளது. அய்யா வைகுண்டர் தம் மக்களிடம் காணிக்கை இடவேண்டாம் என்கிறார். காவடிக்கும் பலிக்கும் பொருளை விடவேண்டாம் என்கிறார். அதே வேளையில் சாமித்தோப்பில் ஆண்கள் தலைப்பாகை கட்டியே வழிபடவேண்டும் என்னும் முறை ஏற்பட்டது. தலைப்பாகை எல்லார்க்கும் உரிய உடையாக இராத காலம் அது. கொடுத்துவந்ததை நிறுத்து, மறுக்கப்பட்டதை எடுத்து உடுத்து என்று இரண்டையும் ஒருங்கே சொன்ன தமிழ் நூல் இதைப்போல் வேறொன்றை நான் அறியேன். சுதேசிக் கப்பல் புறப்படுவதற்கு 66 ஆண்டுகளுக்கு முற்பட்டது.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இப்பகுதியை நன்கறிந்தவர். திருவனந்தபுரத்தில் ஆசிரியராக இருந்தவர். அவரும் 1947இல் ‘கதர் பிறந்த கதை’ வெளியிட்டார். ஆனால் அவருடைய ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ ஒன்றே, வீட்டுச் சொத்தும் செலவும் நல்ல கவிதைக்குப் பொருளாகும் என்பதை மெய்ப்பித்துவிட்டது. காரணவரின் மனைவி வாயில் வைத்து அவர் சொன்ன அந்தக் குடும்பக் கணக்கு, சட்டமன்ற விவாதங்களைவிட ஆழமாகப் பதிந்தது. அந்தக் கையால் ஒரு தோள்சீலை மான்மியம் எழுதப்படாமற் போனது நம் குறைவு.

பொன்னீலனின் ‘மறுபக்கம்’ 2010இல் அந்த இடத்தை நோக்கி வந்தது. 1982ஆம் ஆண்டு மண்டைக்காட்டுக் கலவரத்தில் தொடங்கித் தோள்சீலைக் காலம்வரை பின்னோக்கிச் செல்லும் பெருநாவல் அது. பல வாய்மொழிகளையும் ஊர்நினைவுகளையும் தொகுத்துச் செல்லும் அதன் முறை சிலருக்குச் சோர்வு தரலாம். ஆவணங்கள் கதையை அமுக்கிவிடுகின்றன என்ற குறையும் பொய்யன்று. ஆனால் குமரி மண்ணுக்கு வெளியே பிறந்து, டில்லியிலோ மும்பையிலோ வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைக் கதையாகக் கொடுக்க வேண்டுமெனில் இப்போதைக்கு அதுவே வாயில். நம் சங்க நூலகங்கள் வாங்கவேண்டிய நூல்.

அதற்குப் பின்னும் ஒன்று எஞ்சுகிறது. அடித்தவர்களைப் பற்றியும் அடிபட்டவர்களைப் பற்றியும் இப்போது ஓரளவு அறிகிறோம். அந்தப் பெண் அந்தத் துணியை எங்கே வாங்கினாள், எத்தனை நாள் கருப்புக்கட்டி விற்ற காசு, விற்றவன் அவளுக்கு விற்கத் தயங்கினானா என்பதை எவரும் எழுதவில்லை. பாறசாலைக்கு வடக்கே, திருவனந்தபுரம் செல்லும் வழியில் பாலராமபுரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராமவர்மா மன்னர் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து குடியேற்றப்பட்ட சாலியர்களின் தறிகள் அங்கே ஓடின. தமிழ் பேசிய நெசவாளர். அவர்கள் நெய்த நேரியது மலையாள நாட்டின் பெருமை. அந்தச் சாலியர் தெருவழியேதான் 1898இல் அய்யன்காளியும் துணைவரும் வழிநடை உரிமைக்காகச் சென்றனர். அங்கேதான் தாக்கப்பட்டனர், திருப்பியும் தாக்கினர். நெய்தவனையும் உடுத்த விரும்பியவனையும் ஒரே தெருவில் எதிரெதிரே நிறுத்திய அந்த நாளைத் தமிழிலும் எழுதலாம், மலையாளத்திலும் எழுதலாம். இரு மொழியும் அறிந்த ஒருவர் வெள்ளறடைப் பக்கத்திலிருந்து எழுதினால் அந்தத் தெருவின் பேச்சு பிழையில்லாமல் வரும்.